சகுரா ஜின்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

தோக்கியோவில் குடியிருக்கிறேன். மார்ச் மாதம் பிறந்தால் போதும், சகுரா என்கிற ஜப்பானியச் செர்ரி மரம் பூத்துவிட்டதா என்று ஊரிலிருந்து விசாரிப்பு வரும், கூடவே அந்தப் பூவைப் போட்டுச் செய்கிற ஜின்னைப் பற்றியும் யாராவது கேட்பார்கள். தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துப்போய், கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளை வைத்து எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன். பெரும்பாலும் பேசப்போவது, சுன்டோரி என்ற ஜப்பானிய மதுபான நிறுவனம் 2017-ல் வெளியிட்ட ரோக்கு என்ற ஜின்னைப் பற்றி. சகுராவை மற்ற ஜப்பானிய வாசனைப் பொருட்களோடு சேர்த்து உலகம் முழுக்கக் கொண்டுபோனது அதுதான்.

முதல்ல ஜின்னுன்னா என்ன? ஓட்காவும் அதுவும் ஒண்ணுதானே?

அடிப்படை ஒன்றுதான். தானியத்திலிருந்தோ வேறு எதிலிருந்தோ காய்ச்சி வடித்த, தனக்கென்று பெரிய வாசனை இல்லாத சாராயம். அதில் ஜூனிப்பர் என்ற செடியின் காயை முக்கிய வாசனையாக ஏற்றினால் அது ஜின். ஜூனிப்பர் இல்லாமல் வேறு எதைப் போட்டாலும் அதை ஜின் என்று சொல்லக்கூடாது. ஐரோப்பிய விதிப்படி ஆல்கஹால் குறைந்தது 37.5 சதவீதம் இருக்க வேண்டும்.

ஜூனிப்பருக்குத் துணையாகக் காலங்காலமாகப் போடுவது கொத்தமல்லி விதை, ஏலக்காய், பட்டை, எலுமிச்சைத் தோல் இதெல்லாம். முதல்முறை பட்டியலைப் படித்தபோது நம் வீட்டு அஞ்சறைப்பெட்டியையும் மசாலா டப்பாவையும் யாரோ திறந்து வைத்த மாதிரி இருந்தது. அதனால்தான் ஜின்னின் வாசனை நம் மூக்குக்கு அவ்வளவு அந்நியமாக இருப்பதில்லை என்று நினைக்கிறேன்.

சரி, இதுல ஜப்பான் எங்க வருது?

'ரோக்கு' என்றால் ஜப்பானிய மொழியில் ஆறு. ஜின்னில் வழக்கமாகப் போடுகிற எட்டுப் பொருட்களோடு, ஜப்பானில் விளைகிற ஆறு பொருட்களைச் சேர்த்திருக்கிறார்கள். புட்டியும் ஆறு பக்கம் உள்ளது, அதில் ஒட்டியிருக்கும் கைக்காகிதம் மாதிரியான தாளில் ஆறு என்ற எழுத்து.

அந்த ஆறும் பருவப்படி வருகின்றன. வசந்தத்துக்குச் சகுராப் பூவும் சகுரா இலையும், கோடைக்குச் சென்ச்சா, கியோகுரோ என்ற இரண்டு பச்சைத் தேயிலைகள், இலையுதிர் காலத்துக்குச் சான்ஷோ என்ற வாசனைக் காய், குளிர்காலத்துக்கு யுசு என்ற நாரத்தை மாதிரிப் பழத்தின் தோல். கியோகுரோ பறிக்கும் முன் ஏறக்குறைய இருபது நாள் தோட்டத்தின் மேல் பந்தல் போட்டு வெயிலை மறைப்பார்கள், அதில்தான் துவர்ப்பு குறைந்து ஒரு கொழுகொழுப்பான ருசி ஏறுகிறது. ஒவ்வொன்றையும் அதது நல்ல பதத்தில் இருக்கும் பருவத்தில் எடுக்கிறார்கள். இதற்கு இங்கே 'ஷுன்' என்று ஒரு சொல் உண்டு. மாம்பழம் சித்திரையில் சாப்பிட்டால்தான் மாம்பழம் என்று நம் பாட்டிகள் சொல்வார்களே, அந்த எண்ணம்தான்.

சகுரா பூ வாசனை எப்படி இருக்கும்? ரோஜா மாதிரியா, மல்லி மாதிரியா?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது, பதில் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். படங்களில் நீங்கள் பார்க்கிற, சாலையோரமும் ஆற்றங்கரையும் வெள்ளையாக நிறைந்து நிற்கிற சோமெய் யோஷினோ வகைக்குச் சொல்லிக்கொள்ளும்படி வாசனையே கிடையாது. மரத்தடியில் நின்று மூக்கைக் கிளைக்குள் விட்டுப் பார்த்திருக்கிறேன். லேசாக ஏதோ இருக்கிறதா என்று சந்தேகம் வரும், அவ்வளவுதான். மல்லிகைப் பந்தலைத் தாண்டிப் போன மூக்குக்கு அது ஒன்றுமே இல்லை.

அப்படியானால் ஜப்பானியர்கள் 'சகுரா வாசனை' என்று எதைச் சொல்கிறார்கள்? உப்பில் ஊறிய இலையின் வாசனையை. பச்சை இலையைக் கசக்கினால் வெறும் பச்சை வாடைதான் வரும். உப்பில் போட்டு மாதக்கணக்கில் வைக்கும்போது இலையின் செல்கள் உடைந்து, உள்ளே சர்க்கரையோடு பிணைந்து கிடந்த ஒரு பொருள் இலையின் நொதியால் பிரிந்து கூமரின் ஆகிறது. வெட்டிக் காயவைத்த புல்லின் வாசனை, கொஞ்சம் பட்டை, கொஞ்சம் வெனிலா, பாதாம் பருப்பின் ஓரம், எல்லாம் கலந்த மாதிரி இருக்கும். மரத்தில் இல்லாத வாசனை, ஜாடிக்குள் பிறக்கிறது. சகுரா ஜின்னைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் ஞாபகம் இருக்கும் என்றால் இது இருக்கட்டும், கீழே உள்ள பாதிக் கேள்விகளுக்கு இதிலிருந்துதான் பதில் சொல்லப்போகிறேன்.

அப்போ பூவை எதுக்குப் போடறாங்க? இலை மட்டும் போதாதா?

இலை கனமான வாசனை, பூ மெல்லியது. இலையை மட்டும் நம்பினால் மருந்து மாதிரி ஆகிவிடும் என்பது என் அபிப்பிராயம். பூ அதன் முனையை மழுக்கிவிடுகிறது.

இங்கே சமையலுக்கு எடுக்கிற சகுரா, வேடிக்கை பார்க்கிற சகுரா அல்ல. பூவுக்குக் கன்ஸான் என்ற அடுக்குப் பூ வகை. நம் அடுக்குமல்லி மாதிரி இதழ் மேல் இதழாக, நல்ல ரோஸ் நிறத்தில், மற்ற மரங்கள் உதிர்ந்து முடித்த பிறகு ஏப்ரல் பாதிக்கு மேல் பூக்கும். கனகாவா மாநிலத்தில் ஹதானோ ஊரின் சிமுரா பகுதி இதற்குப் பேர்போனது. பூ முழுதாக விரியும் முன்பே, காம்போடு கையால் பறித்து உப்பில் அழுத்தி வைப்பார்கள், அப்புறம் உமெ என்ற புளிப்புக் காயை உப்பிலிடும்போது ஊறி வரும் புளித்த நீரில் போடுவார்கள். அந்தப் புளிப்புதான் ரோஸ் நிறத்தைப் பிடித்து வைக்கிறது. பிறகு நிழலில் காயவைத்து மறுபடி உப்புப் பிரட்டி எடுத்து வைத்தால் வருஷம் முழுக்கக் கெடாது.

இலைக்கு ஓஷிமா சகுரா என்ற வேறு வகை. ஷிசுவோகா மாநிலத்தின் இஸு தீபகற்பத்தில் மட்சுசாக்கி என்ற சின்ன ஊர், நாட்டின் உப்பிலிட்ட சகுரா இலையில் பெரும்பங்கு அங்கிருந்துதான். மரத்தை உயரமாக வளர விடாமல் வெட்டி வெட்டிப் புதராக வைத்திருப்பார்கள், பார்த்தால் சகுராத் தோட்டம் என்றே தோன்றாது. பறித்த இலைகளை ஐம்பது ஐம்பதாக அடுக்கிக் கட்டி, ஆள் உயரத்துக்கும் மேலான மரத்தொட்டிகளில் உப்புப் போட்டு, மேலே கல்லை ஏற்றி விடுகிறார்கள். நம்மூர் வெற்றிலைக் கவுளி அடுக்குவது ஞாபகம் வந்தது எனக்கு.

எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு ஒரே தடவை காய்ச்சினா வேலை முடிஞ்சிடுமே?

பல நல்ல ஜின்கள் அப்படித்தான் செய்யப்படுகின்றன, அதில் தப்பில்லை. ஆனால் சகுராவையும் யுசுத் தோலையும் ஒரே சூட்டில் வைத்தால் சகுரா காணாமல் போகும். அதனால் ரோக்குவுக்குப் பொருளுக்கு ஏற்றபடி வெவ்வேறு கலன்களில் தனித்தனியாக வடித்துக் கடைசியில் கலக்கிறார்கள். யுசுவுக்குச் செம்புக் கலன். சகுராவுக்கு எஃகுக் கலன், அதுவும் காற்றை உறிஞ்சி அழுத்தத்தைக் குறைத்து. அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும். மலை மேல் சோறு வேக நேரமாகிறதே, அதே காரணம்தான். குறைந்த சூட்டில் ஆவியாவதால் பூவின் வாசனை வெந்துபோகாமல் வந்து சேருகிறது.

இதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. ஏப்ரலில் கிடைப்பதும் டிசம்பரில் கிடைப்பதும் ஒரே நாளில் ஒரே அண்டாவில் சந்திக்க வேண்டிய அவசியமில்லை.

பாரம்பரியம் பாரம்பரியம்னு சொல்றாங்க. ஜப்பான்காரங்க எப்போ ஜின் குடிச்சாங்க? இது விளம்பரம்தானே?

ஜின் அவர்களுடையது இல்லை, அதில் சந்தேகமே வேண்டாம். சுன்டோரியின் முன்னோடி நிறுவனமே 1936-ல் ஹெர்மிஸ் என்ற பெயரில் ஜின் விற்றிருக்கிறது, அதை ஜப்பானியப் பாரம்பரியம் என்று யாரும் சொன்னதில்லை.

சகுராவின் கதை வேறு. 812-ல் சாகா பேரரசர் கியோட்டோவில் பூப் பார்க்கும் விருந்து வைத்தார் என்று பழைய குறிப்பு இருக்கிறது. 1598-ல் ஹிதேயோஷி என்ற ஆட்சியாளர் தாய்கோஜி கோயிலில் நடத்திய விருந்தை இன்றும் பேசுகிறார்கள். கியோட்டோவில் பூ எப்போது நிறைந்தது என்ற குறிப்புகள் ஆயிரத்து இருநூறு வருஷங்களுக்கு நீள்கின்றன, 2021-ல் மார்ச் 26 அன்றே நிறைந்தபோது அத்தனை வருஷத்தில் அதுவே மிக முந்திய நாள் என்று கணக்கிட்டார்கள். பார்ப்பதோடு நிற்கவில்லை, சாப்பிடவும் செய்தார்கள். தோக்கியோவில் சுமிதா ஆற்றங்கரையில் சோமெய்ஜி கோயில் வாசலில் 1717-ல், உதிர்ந்து குவிந்த சகுரா இலைகளை என்ன செய்வதென்று யோசித்த காவல்காரர் ஒருவர் அவற்றை உப்பில் போட்டு, இனிப்புப் பயறு வைத்த பண்டத்தைச் சுற்றி விற்க ஆரம்பித்தார் என்று சொல்கிறார்கள். அந்தக் கடை இன்றும் அங்கேயே இருக்கிறது.

ஆக, புட்டிக்குள் இருக்கும் சகுராவுக்குப் பின்னால் முந்நூறு வருஷத்து உப்பு ஜாடி ஒன்று இருக்கிறது. புதிது என்பது அதை ஜூனிப்பரோடு சேர்த்தது மட்டும்தான். விளம்பரம் இதைப் பெரிதாக்கிச் சொல்கிறது, ஆனால் இல்லாததைச் சொல்லவில்லை.

சுன்டோரி எவ்ளோ பெரிய கம்பெனி! அதைப் போய் கிராஃப்ட்னு எப்படி சொல்றது?

நியாயமான கேள்வி. 'கிராஃப்ட்' என்று லேபிளில் போட்டிருக்கிறார்கள், அந்தச் சொல்லுக்கு ஜப்பானில் சட்டப்படி ஓர் அளவுகோல் கிடையாது. சின்னப் பட்டறையில் நாலு பேர் செய்வதுதான் கிராஃப்ட் என்று நினைப்பவருக்கு ரோக்கு கிராஃப்ட் இல்லை. செய்முறையில் காட்டுகிற கவனத்தை வைத்துச் சொன்னால், மேலே சொன்ன தனித்தனி வடிப்பு ஒன்றே போதும். நான் முதல் கட்சி. சொல்லை விட்டுவிட்டு ஜின்னைப் பாருங்கள் என்பேன்.

கியோட்டோ ஜின்னுலயும் சகுரா இருக்காமே? 'சகுராவோ'ன்னு ஒண்ணு பார்த்தேன், அதானே இது?

இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். கியோட்டோவில் 2016-ல் தொடங்கிய 'கி நோ பி' அரிசிச் சாராயத்தை அடிப்படையாகக் கொண்டது. யுசு, ஹினோகி மரத்துண்டு, ஊஜி ஊரின் கியோகுரோ, சான்ஷோ, சிவப்பு ஷிசோ, மூங்கில் இலை எல்லாம் உண்டு. அதன் அடையாளம் தேயிலையும் மரமும், சகுரா அல்ல.

சகுராவோ என்பது ஹிரோஷிமா பக்கம் ஹட்சுகாய்ச்சி ஊரில் உள்ள ஓர் இடத்தின் பெயர். 2018-ல் அங்கிருந்து வந்த ஜின்னுக்கு அந்தப் பெயரையே வைத்தார்கள். பெயரைப் பார்த்துச் சகுரா வாசனையை எதிர்பார்த்து வாங்கினால் கையில் கிடைப்பது ஹிரோஷிமாவின் எலுமிச்சையும் ஆரஞ்சும். அருமையான ஜின், ஆனால் நீங்கள் தேடியது வேறு.

ரோஸ் கலர்ல இருக்கறதுதானே ஒரிஜினல்?

இல்லை. ரோக்கு தண்ணீர் மாதிரித் தெளிவாக இருக்கும். காய்ச்சி வடிக்கும்போது வாசனைதான் ஆவியோடு ஏறும், நிறம் கலனிலேயே தங்கிவிடும். ஆகவே ரோஸ் நிறத்தில் ஒரு புட்டியைப் பார்த்தால், வடித்த பிறகு எதையோ ஊறவைத்திருக்கிறார்கள், இல்லையென்றால் நிறம் சேர்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். சர்க்கரை தாராளமாகச் சேர்த்த சகுரா லிக்கர்களும் வசந்த காலத்தில் கடை நிறைய வரும். ஐஸ்கிரீம் மேல் ஊற்ற நன்றாக இருக்கும், ஆனால் அவை ஜின் இல்லை. லேபிளில் சர்க்கரை இருக்கிறதா என்று பாருங்கள்.

சான்ஷோன்னா மிளகா? காரமா இருக்குமா?

மிளகுக் குடும்பமே இல்லை. யுசுவும் சான்ஷோவும் எலுமிச்சைக் குடும்பம், நம் கறிவேப்பிலையும் அதே குடும்பம்தான். காரம் என்பதைவிட நாக்கு நுனியில் ஒரு சுறுசுறுப்பு, மரமரப்பு. சான்ஷோவின் இளந்தளிரை இங்கே சமையல்காரர்கள் உள்ளங்கையில் வைத்து ஒரே ஒரு தட்டுத் தட்டி வாசனையை எழுப்பிப் பிறகு கறி மேல் வைப்பார்கள். ரோக்குவைக் குடித்து முடித்தபின் தொண்டையில் கடைசியாக நிற்கும் லேசான உறைப்பு இதனுடையது.

கூமரின் கல்லீரலைக் கெடுக்கும்னு படிச்சேன். பயமா இருக்கு.

படித்தது சரிதான். அமெரிக்காவில் 1954 முதல் கூமரினைத் தனியாக உணவில் சேர்க்கத் தடை இருக்கிறது. உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் வரை தினமும் உட்கொள்ளலாம் என்பது ஐரோப்பியக் கணக்கு, அறுபது கிலோ ஆளுக்கு 6 மில்லிகிராம். ஆனால் இதற்குச் சகுராவைவிட, நாம் பிரியாணிக்குப் போடுகிற தடித்த பட்டையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கடையில் பட்டை என்று கிடைப்பது பெரும்பாலும் கேஷியா, இலங்கைச் சுருள்பட்டையைவிட அதில் கூமரின் பல மடங்கு அதிகம்.

ஜின்னைப் பொறுத்தவரை கல்லீரலுக்கு உண்மையான பாரம் ஆல்கஹால்தான். ரோக்குவில் அது நாற்பது சதவீதத்துக்கும் மேல், சின்ன விஷயமில்லை. கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பமாக இருப்பவர்கள், மருந்து சாப்பிடுகிறவர்கள் கூமரினைப் பற்றி யோசிக்கும் முன்பே இதைத் தவிர்த்துவிட வேண்டும்.

எங்கப்பா ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறார். அதுவும் கூமரின்தானே?

பெயர்தான் குழப்புகிறது. கூமரினுக்கு ரத்தம் உறைவதைத் தடுக்கும் குணம் கிடையாது. கெட்டுப்போன தீவனப்புல்லில் பூஞ்சை பிடித்து அந்தக் கூமரின் டைகூமரால் என்ற வேறு பொருளாக மாறியபோது, அதைத் தின்ற மாடுகள் ரத்தம் உறையாமல் செத்தன. அதை ஆராய்ந்துபோன வழியில்தான் வார்ஃபரின் என்ற மருந்து வந்தது. ஆனால் அப்பாவுக்கு ஜின் வேண்டாம். வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு ஆல்கஹாலே மருந்தின் வேலையைக் கலைத்துவிடும், டாக்டரைக் கேட்காமல் ஒரு மடக்குகூடக் கொடுக்காதீர்கள்.

எப்படிக் குடிக்கறது? டானிக் ஊத்தினா சகுரா தெரியுமா?

நிறைய ஊற்றினால் தெரியாது. டானிக் என்கிற குளிர்பானத்தில் இருக்கும் குயினைன் கசப்பும் சர்க்கரையும் மெல்லிய வாசனையை மூடிவிடும். நான் பாதி டானிக் பாதி சோடா விடுவேன். எலுமிச்சைக்குப் பதில் இஞ்சியைத் தீக்குச்சி போல மெல்லியதாக நறுக்கிப் போடுவது ரோக்குக்காரர்களே சொல்லும் வழி, அது நன்றாகப் பொருந்துகிறது.

சகுராவை மட்டும் தேடுகிறவர்கள் முதலில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, ஐஸ் இல்லாமல் முகர்ந்து பாருங்கள். குளிர்ச்சி வாசனையை அடக்கிவிடும். முதலில் யுசு வரும், பிறகு ஜூனிப்பர், கொஞ்சம் பொறுத்தால் அடியில் அந்தக் காய்ந்த புல் வாசனை மெல்ல எழும். முதல் தடவை எனக்கு அது பிடிபடவே இல்லை. சகுரா இலை சுற்றிய பண்டம் ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு மறுபடி முகர்ந்த பிறகுதான் 'அட, இதுவா' என்று தெரிந்தது.

நம்ம ஷில்லாங்லயும் சகுரா பூக்குதே. அதுல செய்யலாமா?

ஷில்லாங்கில் நவம்பரில் பூப்பது இமயமலைக் காட்டுச் செர்ரி. சகுராவுக்குச் சொந்தக்கார மரம், ஆனால் வேறு இனம், பூக்கும் பருவமே தலைகீழ். இலைக்கென்றே ஓஷிமா வகையை ஜப்பானில் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு: இலை பெரிதாகவும் ரோமம் இல்லாமலும் இருக்கும், வாசனை நன்றாக ஏறும். எல்லாச் செர்ரி இலையும் அப்படி வராது. செர்ரி இனத்து இலை, கொட்டைகளில் சயனைடைத் தரும் பொருட்களும் உண்டு, ஆகவே தெரியாத மரத்தின் இலையைப் பறித்து ஊறவைக்க வேண்டாம்.

பார்க்குல விழுந்த பூவைப் பொறுக்கி வீட்லயே ஜின்னுல ஊற வெச்சா?

பொறுக்கலாம், வாசனை வராது. காரணம் மேலே சகுரா வாசனைக் கேள்வியில் இருக்கிறது. பூங்கா மரங்களுக்கு மருந்து அடித்திருக்கவும் கூடும். கிளையை உடைப்பதை நினைக்கவே வேண்டாம். 'சகுராவை வெட்டுபவன் முட்டாள், உமெயை வெட்டாதவன் முட்டாள்' என்று இங்கே ஒரு பழமொழி, சகுராவில் வெட்டுக்காயம் பட்டால் அதன் வழியே மரம் அழுகத் தொடங்கிவிடும்.

கடையில் விற்கும் உப்பிலிட்ட பூவையோ இலையையோ வாங்கி, உப்பு போக அலசி, ஈரம் ஒற்றி எடுத்து, சாதாரண ஜின்னில் போட்டுப் பாருங்கள். இலை என்றால் ஒரு நாளே அதிகம். ஜப்பானில் வரி கட்டிய, 20 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள சாராயத்தில் இப்படி வீட்டு உபயோகத்துக்கு ஊறவைக்கலாம், விற்கக்கூடாது. வீட்டில் காய்ச்சி வடிப்பது இங்கேயும் குற்றம், நம் ஊரிலும் குற்றம்.

ஊருக்கு வரும்போது எத்தனை பாட்டில் கொண்டு வரலாம்?

இந்தியாவுக்குள் வரியில்லாமல் ஒருவருக்கு 2 லிட்டர். 700 மில்லி புட்டி என்றால் இரண்டு. வழியில் விமானம் மாறுகிறவர்கள், விமான நிலையக் கடையில் சீல் வைத்துத் தரும் பையைப் போய்ச் சேரும்வரை பிரிக்காதீர்கள். வாங்குவதற்கு ஜப்பானில் வயது 20 ஆகியிருக்க வேண்டும், தமிழ்நாட்டில் 21.

நாங்க யாரும் குடிக்கறதில்ல. சகுரா ருசியை மட்டும் பார்க்க வழி உண்டா?

உண்டு. இந்தக் கேள்வி வந்தால் எனக்கு ரொம்பச் சந்தோஷம், ஏனென்றால் அந்த வாசனையின் பிறந்த வீடே அதுதான். சகுராயு என்று ஒரு பானம். கல்யாணம் நிச்சயம் செய்யும் நாளில் பச்சைத் தேநீருக்குப் பதிலாக இதைத்தான் கொடுப்பார்கள். 'தேநீரைக் கலக்கிவிடுவது' என்றால் ஜப்பானிய மொழியில் மழுப்பிச் சமாளிப்பது என்று பொருள், சம்பந்தம் பேசும் இடத்தில் அந்தச் சகுனம் ஆகாது.

உப்பிலிட்ட பூ இரண்டை எடுத்து, மேல் உப்பை அலசி, ஐந்து நிமிஷம் தண்ணீரில் போட்டு வையுங்கள். பிறகு ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் வைத்து, கொதித்து இறக்கிய வெந்நீரை ஓரமாக ஊற்றுங்கள். சுருங்கிக் கிடந்த பூ முதலில் அடியில் அசையாமல் இருக்கும். அப்புறம் ஒவ்வோர் இதழாகப் பிரிந்து, காம்பு கீழே தொங்க மேலே எழும்பி வரும். உப்புக் கரிக்கும், லேசாகப் புளிக்கும். கரிப்பு அதிகமாகத் தெரிந்தால் இன்னும் கொஞ்சம் வெந்நீர் விட்டுக்கொள்ளுங்கள்.